பேசிக்கொண்டே நடக்கும் வேகம்

1

என் மனைவி சகுந்தலா இறந்து ஓராண்டு நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, என் மகள் மாலினி தான் கருவுற்றிருப்பதாகச் சொன்னாள். சொன்னாள் என்பதுகூடச் சரியில்லை. தெவசத்துக்காக ஆரணி போக நான் விமானச்சீட்டு எடுத்திருந்தேன். அதை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் ஒரே துண்டை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். புரிந்துகொண்டேன்.

விமான நிறுவனத்தில் பேசிய பெண் ரத்துக்கான காரணத்தைக் கேட்டாள். குடும்ப அலுவல் என்றேன். அது போதாதாம். குடும்பத்தில் இறப்பா, நோயா, பிரசவமா என்று தன் முன்னிருந்த பட்டியலை வாசித்தாள். ஒன்றைத் தேர்ந்தால் சலுகை உண்டு. முதலாவதும் மூன்றாவதும் எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இருந்தன. ஆனால் மூன்றாவதை வெளியில் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. சலுகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கனடாவின் எட்மண்டன் நகரத்தின் குளிரைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு முன்பெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறேன். இப்போது அதில் ஆர்வம் இல்லை. குளிர்கிறது. அவ்வளவுதான்.

மாலினி எங்கள் ஒரே பிள்ளை. ஆரணியில் பிறந்து, நடை பழகிய வயதில் இங்கே வந்தவள். அவள் கணவர் பிரபு செய்யாறு பக்கத்துக்காரர். இந்த நகரத்துக்கு வடக்கே, எண்ணெய் வயலில் பொறியாளர். இரண்டு வாரம் அங்கே முகாமில் இருப்பார், ஒரு வாரம் வீட்டில். சகுந்தலா போன பிறகு நான் என் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தேன். இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். பேசிக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. பேச்சு என்பது எங்கள் குடும்பத்தில் சகுந்தலாவின் பொறுப்பில் இருந்தது. மகளிடம் நான் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்வேன். மகள் என்னிடம் சொல்ல வேண்டியதும் அவள் வழியாகவே வரும். ஆளில்லாமல் போனபின், வீட்டில் காலை வணக்கமும் தட்பவெப்பமும் மட்டும் மிஞ்சின.

2

இது முதல் கரு அல்ல. சென்ற நவம்பரில் ஒன்று உண்டாகிச் சில வாரங்களிலேயே கலைந்தது. அதற்கு முந்தைய நாள் மாலினி வீட்டு வாசலில் பனியை வாரித் தள்ளியிருந்தாள். பிரபு முகாமில் இருந்தார். நான் எழுந்து வருவதற்குள் பாதி வழியைத் துப்புரவு செய்துவிட்டாள். மறுநாள் மருத்துவமனை. அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நிகழ்ச்சி.

ஆகவே இம்முறை அவள் படுத்துக்கொண்டாள். வேலையை வீட்டிலிருந்து செய்ய அனுமதி பெற்று, கணினியையும் கட்டிலுக்கே கொண்டுபோனாள். குளியலறைக்குப் போவதென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நிரம்பிய பாத்திரத்தை ஏந்திப் போகிறவளைப் போலப் போவாள். தண்ணீர் வேண்டுமென்றால் என்னைக் கைப்பேசியில் அழைப்பாள். நான் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். நாள் முழுவதும் திரைச்சீலை மூடியே இருந்தது.

குடும்ப மருத்துவரிடம் நான்தான் காரோட்டி அழைத்துப்போனேன். வெளியே காத்திருப்பதாக இருந்தேன். மாலினி என் சட்டைக்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அந்த இடத்தில் ஒரு தந்தை எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் ஒரு நடுவயதுப் பெண். பரிசோதித்து முடித்து, கரு இதுவரை நன்றாக இருக்கிறது என்றார். நவம்பரில் நடந்ததற்குப் பனி வாரியது காரணமல்ல என்று மூன்று விதமாகச் சொன்னார். தொடக்கத்தில் கலைபவற்றில் பெரும்பாலானவை கருவின் அமைப்பிலேயே குறை இருந்ததால் கலைபவை. தாயின் நடமாட்டத்தால் அல்ல. இப்போது சிக்கல் ஏதும் இல்லாததால் படுத்தே கிடப்பதில் பயனில்லை. நாளும் கொஞ்சம் நடப்பது உடலுக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. இரத்தப்போக்கோ, தலைச்சுற்றலோ, வலியோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே அழைக்க வேண்டும்.

எவ்வளவு வேகம் என்று மாலினி கேட்டாள். அன்று அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் என்றார் மருத்துவர். பேச மூச்சுப் போதவில்லை என்றால் அது வேகம் அதிகம். கருவி எதுவும் வேண்டாம், கூட ஒரு ஆள் இருந்தால் போதும் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கட்டுமானப் பொறியியல் கற்பித்தவன். ஒரு தளம் எவ்வளவு சுமை தாங்கும் என்று மாணவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பேச்சை அளவுகோலாகக் கொண்ட சோதனையை அதற்குமுன் கேட்டதில்லை. அதை நடத்த எங்களைவிடத் தகுதியற்ற இருவர் அந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்கள்.

3

தெருவின் கோடியில் நகராட்சி நடத்தும் உடற்பயிற்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. வெளியே பனி உறைந்து வழுக்கும் மாதங்களில், உள்ளே மாடியைச் சுற்றி அமைத்த வட்டப்பாதையில் நடக்கலாம். மாலினி வர மறுத்தாள். இரண்டாம் நாளும் மறுத்தாள். மூன்றாம் நாள் நான் அவள் அறை வாசலில் மேலங்கியும் காலணியும் அணிந்து நின்றேன். நெடுநேரம் நின்றேன். வீட்டுச் சூட்டில் மேலங்கிக்குள் வேர்த்தது. கடைசியில் அவள் எழுந்துவந்தாள்.

கூடத்தின் முகப்பில் இருந்த இளைஞன் எங்களை வரவேற்று, உறுப்பினராகச் சேர்கிறவர்களிடம் கேட்கும் கேள்விகளைக் கேட்டான். மாலினி ஒரு நாற்காலியில் அமர்ந்துவிட்டாள். பதில் சொன்னது நான். இதயக் கோளாறு உண்டா? இல்லை. ஆஸ்துமா? இல்லை. மகளுக்குப் பயிற்சியாளர் அறிந்துகொள்ள வேண்டிய நிலை ஏதேனும் உண்டா?

மூன்று மாதம் முடிவதற்குள் எங்கள் பக்கத்தில் யாரும் அதை வெளியில் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. சில வீடுகளில் மாமனாருக்கே தெரியாது. நான் அறிவியல் படித்தவன். கண்ணேறில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் முன்பின் தெரியாத ஓர் இளைஞனிடம், பொது இடத்தில், அந்தச் சொல்லைச் சொல்ல என் வாய் திறக்கவில்லை. முப்பதாண்டு வெளிநாட்டு வாழ்க்கை அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை.

"முழங்கால்" என்றேன்.

அவன் மிகுந்த அனுதாபத்தோடு அதைக் கணினியில் ஏற்றினான்.

இதன் விளைவு, மாலினி முழங்கால் குழுவில் சேர்க்கப்பட்டாள். ஏறக்குறைய எல்லோரும் என் வயதுக்காரர்கள். முதலில் நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொரு காலாக நீட்டி மடக்க வேண்டும். பிறகு வட்டப்பாதையில் மெல்லிய நடை. இரு முழங்கால்களுக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவர் மாலினியின் பக்கத்தில் அமர்ந்து, இவ்வளவு இளம் வயதில் இப்படியா என்று வருந்தி, தன் மருத்துவரின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மாலினி அதை வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு பாதையில் என் பக்கமாக வந்தாள்.

சகுந்தலா அவளோடு ஆரணித் தமிழிலேயே பேசி வளர்த்தாள். வாரத் தமிழ் வகுப்பில் ஆசிரியை அதைத் திருத்த முயன்று கைவிட்டார். மாலினிக்கு வேறு தமிழ் தெரியாது.

"அப்பா, எனுக்கு முட்டி வலின்னு யாருப்பா சொன்னது?"

"நான்தான்."

"ஏம்ப்பா?"

"மூணு மாசம் ஆவலியேம்மா."

அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்த இரு மூதாட்டிகள் எங்களை ஒதுங்கிக் கடந்தார்கள். மாலினி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். வலி வந்துவிட்டதோ என்று நெருங்கி அவள் தோளைப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கெழவன் கெழவிங்களோட ஒக்கார வச்சிட்டீங்களேப்பா. அந்தத் தாத்தா இரும்பு முட்டி போட்டுக்கோன்றாரு."

அவள் சிரித்து நான் பார்த்து ஓராண்டு ஆகியிருந்தது. பார்த்தேன் என்பதைத் தவிர அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: மகிழ்ச்சி வரவில்லை. வர வேண்டிய இடம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் குழுவின் பயிற்சியாளர், காலால் எடையைத் தள்ளும் பொறியில் மாலினியை உட்காரச் சொன்னார். மாலினியின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அந்தப் பெண் அதைப் பார்த்தார். பொறியை விட்டு விலகிவந்து, தாழ்ந்த குரலில், முழங்காலுக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டார். மாலினி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இன்னும் மூன்று முடியவில்லை என்றாள் மாலினி. அவர் தலையசைத்துவிட்டு, இனி நாற்காலிப் பயிற்சியும் நடையும் மட்டும் போதும் என்றார். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர் தொடர்ந்து முழங்காலை விசாரித்துவந்தார்.

4

நடை தொடர்ந்தது. பேச்சுத்தான் வரவில்லை. பாதையில் மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே எங்களைக் கடந்து போனார்கள். நாங்கள் வாய்மூடி நடந்தோம். வேகம் சரியா தவறா என்று அறிய வழியில்லாமல் இருந்தது.

ஒருநாள் மாலினி கேட்டாள்.

"நான் வயித்துல இருக்கும்போது அம்மா இன்னாப்பா பண்ணிகினு இருந்தாங்க? படுத்துகினு இருந்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. நான் அப்போது சென்னையில் ஆய்வு மாணவன். சகுந்தலா ஆரணியில் என் பெற்றோரோடு இருந்து, தேவிகாபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்தாள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வருவேன். தெரியவில்லை என்றேன். இன்னும் இரண்டு சுற்று நடந்தோம்.

"அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல?"

அத்தை என்பது என் தங்கை தனம். சேவூரில் இருக்கிறாள். பட்டுத்தறியில் உட்கார்ந்தே பிள்ளைகளை வளர்த்தவள். மாலினியின் நிலை ஊரில் அவளுக்கு மட்டும் தெரியும். நவம்பரில் நடந்ததும் தெரியும். அன்று மாலை, அங்கே விடிந்தபின், அழைத்தேன். மாலினி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, எப்பிடி கீறா பொண்ணு?"

"நல்லாருக்கா. தினம் நடக்கறா."

"நடக்கறாளா? அய்ய, மூணு மாசம் முட்டும் அசையவே கூடாதுண்ணா. அவ்ளோ படிச்ச, உனுக்கு நான் சொல்லணுமா? போன தபா பனிய வாரிப்புட்டு இன்னா ஆச்சி?"

"அதனால இல்லன்னு டாக்டர் சொல்றாங்க."

"டாக்டருக்கு இன்னா, சொல்லிட்டு ஊட்டுக்குப் போயிடுவாங்க. பேஜாரு நமக்குத்தான்."

மாலினி தலை குனிந்துகொண்டாள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"தனம், மாலினி வயித்துல இருந்தப்ப உங்க அண்ணி படுத்துகினா இருந்தா?"

"அண்ணியா? அவுங்க எங்க படுத்தாங்க. தேவிகாபுரம் பஸ்சுல நின்னுகினே போவாங்க, நின்னுகினே வருவாங்க. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தே வருவாங்க."

"யாரும் எடம் குடுக்கலியா?"

"எவன் குடுப்பான்? யாருக்கும் தெரியாதே. எனுக்கே அவுங்க வாந்தி எடுத்ததப் பாத்துதான் தெரியும். அம்மாகிட்ட சொல்லாதடின்னு கையப் புடிச்சிகினாங்க. மூணு மாசம் ஆவாம எவளாச்சும் சொல்லுவாளா?"

"நீ? உன் சின்னவன் வயித்துல இருந்தப்ப?"

"நானா? நான் தறிக்குழியில கால வுட்டுகினு மிதிச்சிகினு இருந்தேன். முகூர்த்த சீசனு. பொடவைய குடு, ஜல்தி குடுன்னு ஓனரு வாசல்ல வந்து நின்னுகினு கீறாரு. படுக்கணும்னா இன்னா காரணம்னு கேப்பாங்க இல்ல? அந்தக் காரணத்ததான் சொல்லக் கூடாதே."

மாலினி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"அப்போ அசையக் கூடாதுன்றத யார்தான் செஞ்சாங்க, தனம்?"



"போண்ணா. வாத்தியாரு புத்தி போவுதா பாரு. பரீச்ச வைக்கற மாரியே கேக்கற." பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்த சொன்னேன்னு சொல்லு, மெதுவா நடக்கச் சொல்லு" என்றாள்.

ஊர் ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகளை இட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லாதே, அசையாதே. இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க ஒருத்தியாலும் முடியாது. சொல்லாதவள் எழுந்து வழக்கமான வேலையைச் செய்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதை அடுத்தவளுக்குச் சொல்வதற்கு வைத்துக்கொண்டார்கள். பேருந்தில் நின்றதால்தான் மாலினி நலமாகப் பிறந்தாள் என்று நான் எழுதமாட்டேன். உடல் அப்படி நேர்க்கணக்குக் காட்டுவதில்லை. நின்றதால் அவள் பிறக்காமல் போகவும் இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் பாதையில் மாலினி பேசத் தொடங்கினாள். அந்தப் பேருந்து எவ்வளவு நேரம் போகும், அம்மா சாப்பாடு எடுத்துப் போனாளா, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்கும். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். பேச்சு நடுவில் அவளுக்கு ஓரிடத்தில் மூச்சு வாங்கிற்று. இருவரும் வேகத்தைக் குறைத்தோம். மருத்துவர் சொன்ன சோதனை முதல்முறையாக வேலை செய்தது.

5

தெவசம் நெருங்கியபோது தனம் மறுபடி அழைத்தாள். இம்முறை அவள் குரலில் தயக்கம் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி இறந்தவர் படையல் நடக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. அந்தச் சோற்றையும் உண்ணக் கூடாது. படையல் முடியும்வரை அவளை வெளியே அனுப்பிவிட வேண்டும்.

இதில் வாதாட எனக்குப் பல வழிகள் இருந்தன. முடிவை மாலினியிடம் விட்டேன்.

"போயிடறேன்பா" என்றாள்.

"நம்பறியா நீ?"

"இல்ல. ஆனா நாளைக்கு எதுனா ஆச்சின்னா, இருந்ததாலதான்னு நெனச்சிகினே கெடப்பேன். இன்னொரு பனி வேணாம்பா எனுக்கு."

பெற்ற தாயின் முதல் தெவசத்தில் மகள் அங்கே இருக்கக் கூடாது. பிரபு முகாமில் இருந்தார். நவம்பரில் கலைந்த அந்த வாரக் கணக்கைக் கரு கடந்து சில நாட்களே ஆகியிருந்தன. நாங்கள் இருவரும் அதை அறிவோம். காலையில் மாலினி தானே காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். அதுவரை அவள் தனியாக நடக்கப் போனதில்லை. வாசலில் ஒருகணம் நின்றாள். நான் வருவதாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். உள்ளே அடுப்பில் சோறு இருந்தது. போய் வாம்மா என்றேன்.

தெருக்கோடிவரை அவள் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரையோ வேலியையோ பிடிக்கவில்லை.

இந்தியக் கடையில் வாங்கிய வாழையிலை உறைபெட்டியில் இருந்து விறைத்துப்போயிருந்தது. வெந்நீரில் நனைத்து விரித்தேன். ஓரம் கிழிந்தது. சகுந்தலாவின் படத்துக்கு முன் அதை வைத்து, சோறும், முருங்கைக்காய்க் குழம்பும், அவளுக்குப் பிடித்த கொத்தவரங்காய்ப் பொரியலும் பரிமாறினேன். பொரியலில் உப்புக் குறைவு. விளக்கேற்றினேன். அடுத்து என்ன என்று நின்றபோது கைப்பேசி ஒலித்தது.

"அப்பா, நான்தான். நடந்துகினு கீறேன்."

"என்னம்மா, ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்ல. பேசிகினே நடக்கணும் இல்ல? கூட யாருமில்ல, அதான் போன் போட்டேன். நீங்க பேச வாணாம். வேலையப் பாருங்க. நான் சொம்மா பேசிகினு வரேன்."

அவள் அங்கே இருக்கக் கூடாது என்பதுதான் தனத்தின் கட்டளை. குரலைப் பற்றித் தனம் ஒன்றும் சொல்லவில்லை. ஒலியைக் கூட்டி, கைப்பேசியை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"முட்டித் தாத்தா எதுருல வராரு. கைய ஆட்டறாரு... தாத்தா போயிட்டாரு. அந்த ரெண்டு ஆயாங்களும் வந்துகீறாங்க. இன்னிக்கி கூட்டமே இல்லப்பா. கொத்தவரங்கா வச்சீங்களா? அம்மா அதுல தேங்கா கொஞ்சமாத்தான் போடுவாங்க... நீங்க நெறைய போட்டிருப்பீங்க. இப்ப திரும்பறேன். சன்னல் பக்கம் வந்துட்டேன். வெளிய பனி பேஞ்சிகினு கீது."

கற்பூரத்தைக் கொளுத்தினேன். கை கூப்பினேன். கேட்பதற்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதை யாரிடம் கேட்பது என்று தெரியாததால் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அம்மா அந்த பஸ்சுல நின்னுகினு போவாங்களே, இன்னாத்தப் புடிச்சிகினு நிப்பாங்க?"

"மேல கம்பி இருக்கும்மா."

"அவுங்களுக்கு எட்டுமா?"

எட்டாது. சகுந்தலா உயரம் குறைந்தவள். பக்கத்து இருக்கையின் முதுகைத்தான் பிடித்திருப்பாள். அதைச் சொல்லவந்தவன் விளக்குத் திரியைத் தூண்டினேன். அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. காலணிகள் பாதையில் படும் ஒலி வந்தது. இடையில் அவள் மூச்சு. காதைக் கொடுத்துக் கேட்டேன். இழுக்கவில்லை, திணறவில்லை, சீராக வந்துகொண்டிருந்தது.

"பேசும்மா" என்றேன். "இன்னும் கொஞ்சம் பேசு."